எழும்பூர் மணலும் மதராஸ் முறையும்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஸெயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் பழைய நகரத்தில், 1833ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு 'மதராஸ் காலேஜ்' என்று பெயர். சென்னைப் பட்டணத்தார் எவரும் அதை ஸ்தாபிக்கவில்லை. சென்னை வியாபாரிகளின் பணமும் அதில் சேரவில்லை. அந்த நகரத்திலேயே நாவிதர் ஒருவரின் மகனாக 1753இல் பிறந்து, பாதிரியாராகிச் சென்னைக்கு வந்து, 1787 முதல் 1796 வரை இங்கே உத்தியோகம் பார்த்துப் பொருள் சேர்த்துத் தாய்நாடு திரும்பிய ஆண்ட்ரூ பெல் என்பவர், தாம் கண்டுபிடித்ததாகக் கருதிய போதனாமுறை ஒன்றுக்குச் சென்னையின் பெயரையே சூட்டியதோடு, தம் ஆஸ்தியில் ஒரு பகுதியை அந்த முறை தழைப்பதற்கென்றே சொந்த ஊருக்கு எழுதிவைத்தார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் லட்சக்கணக்கான ஏழைப் பிள்ளைகள் எழுத்தறிவதற்குக் காரணமாயிருந்த அந்த 'மதராஸ் முறை' உண்மையில் எவருடைய சொத்து என்பதையும், அது கடல் கடந்து போனபோது எதை உடன்கொண்டு போயிற்று, எதை இங்கேயே விட்டுச் சென்றது என்பதையும் ஆராய்வது, நம் நாட்டுக் கல்வியின் பழைமையில் சிரத்தையுள்ளவர்களுக்கு அவசியம் என்று நினைக்கிறேன்.

மணலும் விரலுமே நம் பிள்ளைகளுக்கு நெடுங்காலம் முதற் கருவிகளாக இருந்தன. ஒரு வீட்டுத் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, மரத்தடியிலோ ஊராரின் ஆதரவில் உபாத்தியாயர் ஒருவர் நடத்திவந்த பள்ளிக்கூடத்தில், விஜயதசமியன்று ஏடு தொடங்கிய பிள்ளை, சலித்த மணலைப் பரப்பிய தரையின்முன் சம்மணமிட்டு உட்காருவான். அவனுக்கு அருகில் அமர்ந்த பெரிய பையன் ஒருவன் அவனுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, 'ஆனா' என்று உரக்கச் சொல்லிக்கொண்டே மணலில் முதலெழுத்தை வரைவான். பிள்ளை அந்தச் சுவட்டிலேயே மீண்டும் மீண்டும் விரலை ஓட்டி, ஒவ்வொரு தடவையும் எழுத்தின் பெயரைத் தன் வாயாலும் சொல்லிப் பழகுவான். எழுத்துப் பிழைபட்டால் உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் போதும். மணல் சமமாகிவிடும், பிழையின் அடையாளமே இராது. கண்ணும் காதும் வாயும் விரலும் ஒரே காலத்தில் ஓர் அக்ஷரத்தின்மேல் ஊன்றி நிற்கும்படி செய்யும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு காசு செலவில்லை என்பது அதன் சிறப்புக்களில் கடைசியானதே. பிழை செய்வதற்குப் பிள்ளை அஞ்ச வேண்டியதில்லை என்பதே அதன் முதற்சிறப்பு.

மணலில் கை தேறிய பிறகுதான் ஓலை. எழுத்தாணியை வலக்கையில் பற்றி, இடக்கையில் ஏந்திய ஓலையின்மேல் இடக்கைப் பெருவிரலை அதற்கு அணையாகக் கொடுத்து, எழுத்தாணி நின்ற இடத்தில் நிற்க ஓலை நகர்ந்துகொண்டு போகும்படி எழுதுவதற்கு விரல்களில் வலுவும் மனத்தில் நிதானமும் வேண்டும். கீறிய எழுத்துக் கண்ணுக்குப் புலப்படும்பொருட்டு மஞ்சளும் ஊமத்தையிலைச் சாறும் கரியும் கூட்டித் தடவுவார்கள். அச்சிட்ட புஸ்தகம் ஊருக்குள் வராத அக்காலத்தில், ஆத்திசூடியாயினும் கொன்றைவேந்தனாயினும் எண்சுவடியாயினும், ஒரு பிள்ளைக்குரிய புஸ்தகம் அந்தப் பிள்ளை தானே பார்த்தெழுதிக்கொண்டதாகவே இருந்தது. அதிலும் எண்சுவடி எளிய நூலன்று. ஒன்றை 320 கூறு செய்து அதில் ஒரு கூறாகிய முந்திரியையும், அந்த முந்திரியை மறுபடி 320 கூறாக்கி வரும் கீழ்முந்திரியையும், காணி, மா, அரைக்கால், கால் என்னும் மற்றக் கூறுகளையும், அவற்றின் பெருக்கங்களையும் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தடையின்றி ஒப்பிக்க வேண்டியிருந்தது. நெல் அளப்பதும் நிலம் அளப்பதும் பொன் நிறுப்பதும் அந்த வாய்பாடுகளைக் கொண்டே நடந்தமையால், திண்ணையில் இருந்து எழுந்த பிள்ளை நேரே களத்து மேட்டுக்கும் கடைக்கும் உபயோகப்பட்டான்.

இத்தனை பிள்ளைகளை, வெவ்வேறு வயதிலும் வெவ்வேறு பாடத்திலும் இருப்பவர்களை, ஒரே உபாத்தியாயர் எவ்வாறு மேய்த்தார் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு விடைதான் சட்டாம்பிள்ளை. மூத்த மாணாக்கருள் ஒருவனாகிய அவன், உபாத்தியாயர் சாப்பிடப் போனாலும் ஊருக்குப் போனாலும் பள்ளிக்கூடத்தை நடத்துவான். மாலையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி அவன் முறை சொல்ல, மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்லுவார்கள். தெரு முழுவதும் அந்த ஓசை கேட்கும். அவனுக்குக் கீழே, ஓலை எழுதுபவன் மணல் எழுதுபவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும், வாய்பாட்டில் பதின்மூன்றைக் கடந்தவன் ஏழில் தவிப்பவனைத் தாங்குவதும் ஏற்பாடு என்று சொல்ல வேண்டாதபடி தாமாகவே நடந்துவந்தன.

இதற்கு மிகப் பழைய சாட்சியம் ஒன்று இத்தாலியப் பிரயாணியாகிய பியெத்ரோ தெல்லா வாலே என்பவர் எழுதிவைத்தது. அவர் 1623ஆம் வருஷம் கன்னட நாட்டில் இக்கேரியை நோக்கிப் பிரயாணம் செய்தபோது, வழியில் ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர் கணக்குப் பயில்வதைக் கண்டார். ஒருவன் ராகத்தோடு இழுத்துச் சொல்லிக்கொண்டே, தரையில் பரப்பிய நுண்மணலில் விரலால் இலக்கத்தை எழுத, மற்ற மூவரும் அவனோடு சேர்ந்து பாடி எழுதினார்கள்; மணல் நிரம்பியதும் அதைக் கலைத்துப் புதுமணல் தூவிக்கொண்டு மேலே சென்றார்கள். அருகில் உபாத்தியாயர் இல்லை. மறந்துபோனால் உங்களைத் திருத்துபவர் யார் என்று அவர் வினாவியதற்கு, நான்கு பேரும் ஒரே இடத்தில் ஒருங்கே மறப்பது நடவாத காரியம் என்றும், ஒருவன் தவறினால் மற்றவர் திருத்தும்பொருட்டே சேர்ந்து படிக்கிறோம் என்றும் அச்சிறுவர்கள் சொன்னார்களாம். கல்விச் சாஸ்திரம் பயின்ற எவரும் இதைவிடத் தெளிவான விடையை அவருக்குச் சொல்லியிருக்க முடியாது.

இன்னொரு காட்சி தரங்கம்பாடியில் நிகழ்ந்தது. 1706இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானியப் பாதிரியாராகிய பார்த்தலோமேயு சீகன்பால்கு, தமிழ் கற்பதற்கு இலக்கணமோ அகராதியோ கிடையாமல் திகைத்து, முதிய உபாத்தியாயர் ஒருவரை அவருடைய பள்ளிப் பிள்ளைகளோடு தம் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தும்படி வேண்டிக்கொண்டார். இருபத்துமூன்று பிராயத்தவரும் சர்வகலாசாலையில் பயின்றவருமான அந்தப் பாதிரியார், ஐந்தாறு வயதுப் பிள்ளைகளின் வரிசையில் தரையில் உட்கார்ந்து, அவர்களைப் பார்த்துப் பார்த்து மணலில் தமிழெழுத்தை விரலால் எழுதிப் பழகினார். சில வருஷங்களுக்குள் அவரே தமிழில் நூல்கள் எழுதி, அவற்றை அச்சிடுவதற்கு அச்சுக்கூடமும் வைத்தார். தமிழ் உரைநடை வரலாற்றையும் தமிழ் அச்சு வரலாற்றையும் எழுதுகிறவர்கள் அவருடைய பெயரைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். அவருக்கு முதலெழுத்தைக் காட்டிய பிள்ளைகளையும் ஒரு வரி நினைப்பது தகும்.

இனிச் சென்னைக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையிலிருந்த ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு, பெரும்பாலும் இந்நாட்டுப் பெண்களிடம் பிறந்து, தந்தையை இழந்தோ தந்தையால் கைவிடப்பட்டோ தெருவில் திரிந்த சிறுவர்களின் பொருட்டு எழும்பூரில் அநாதை விடுதியொன்று ஏற்படுத்தப்பட்டது. 1789இல் அதன் மேற்பார்வையை ஏற்ற ஆண்ட்ரூ பெல், அதற்கென்று சம்பளம் பெற்றுக்கொள்ளவில்லை. பல படைப்பிரிவுகளுக்குப் பாதிரியாராயிருந்து பெற்ற சம்பளங்களே அவருக்குப் போதுமானவை என்பது மெய்யாயினும், அந்தப் பிள்ளைகளிடம் அவர் காட்டிய அக்கறையும் மெய்யே. அவருக்கு உதவியாயிருந்த ஆசிரியர்களோ குறைந்த சம்பளத்துக்கு வந்தவர்கள். புதிய யோசனை எதையும் ஏற்காதவர்கள். பிள்ளைகள் மாதக்கணக்காக எழுத்தைக் கூட அறியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

1791ஆம் ஆண்டை ஒட்டி, ஒருநாள் காலை குதிரைமேல் உலாவப் போன பெல், வழியில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பக்கமாகச் சென்றபோது, தரையில் உட்கார்ந்த சிறுபிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருப்பதைக் கண்டார். கண்டதும் விடுதிக்குத் திரும்பி, கடைசி வகுப்புக்கு இதே விதமாக எழுத்துக் கற்பிக்க வேண்டுமென்று அந்த வகுப்பு ஆசிரியருக்குச் சொன்னார். அது ஆகாத காரியம் என்று ஆசிரியர் கையை விரித்துவிட்டார். அப்போது பெல் செய்த காரியந்தான் அவருடைய பெயரை நிலைநாட்டியது: சாதாரணச் சிப்பாய் ஒருவனின் மகனும் எட்டு வயதே நிரம்பியவனுமான ஜான் பிரிஸ்கென் என்ற மாணாக்கனை அழைத்து, அந்த வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியரால் ஆகாதென்று சொன்னது அந்தச் சிறுவனால் ஆயிற்று. மணலைப் பரப்பிக்கொண்டு அவன் கற்பித்த பிள்ளைகள் எழுத்தைக் கற்றுத் தேறினார்கள். பெல் மேல் வகுப்புக்களையும் ஒவ்வொன்றாக மாணாக்கர் கையிலேயே கொடுத்தார். ஒரு வகுப்பில் 24 பேர் இருந்தால், தேர்ந்த 12 பேர் பிற்பட்ட 12 பேருக்குத் துணையாக இருவர் இருவராக உட்கார வேண்டும் என்பது அவர் வகுத்த ஒழுங்கு. கற்பிக்கிறவன் கற்பிப்பதனாலேயே தன் பாடத்தை உறுதி செய்துகொள்ளுகிறான் என்பதை அவர் எழும்பூரில் கண்கூடாகக் கண்டு, பிறகு தம் வாழ்நாள் முழுவதும் பிரசங்கம் செய்தார்.

அந்த விடுதியில் மணல் மட்டுமே சாதனமாயிருந்தது என்று எண்ணிவிடலாகாது. பௌதிக சாஸ்திரத்தில் பிரியமுள்ளவரான பெல், சோதனைக் கருவிகளைத் தம்முடன் கொண்டுவந்து சென்னையில் அவற்றைக் காட்டிப் பிரசங்கங்களும் செய்திருந்தார். விடுதிச் சிறுவர்களுக்கும் அவற்றைக் கையாளப் பழக்கினார். பிணையாகப் பிடிக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் புதல்வர்களை 1794இல் திருப்பி அனுப்பியபோது, உடன் சென்ற தூதுக்குழுவில் வில்லியம் ஸ்மித் என்னும் விடுதி மாணவன் ஒருவனும் இருந்தான். சுல்தானுடைய சபையில் அந்தக் கருவிகளை அமைத்துச் சோதனைகளைச் செய்து காட்டியவன் அவனே. தகப்பன் பெயர் சொல்லி நிற்க வழியில்லாத ஒரு சிறுவன், கருவியைத் தானே தொட்டுப் பழகும் உரிமை கிடைத்த ஒரே காரணத்தால், ஓர் அரசனுக்கு எதிரே உபாத்தியாயனாக நின்ற செய்தியை நான் மிகவும் மதிக்கிறேன்.

1796இல் ஊர் திரும்பிய பெல், மறு வருஷமே சென்னை விடுதியில் தாம் செய்த கல்விச் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். மணலில் எழுதும் வழக்கத்தைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கண்டு எடுத்துக்கொண்டதை அவர் ஒளிக்கவில்லை. ஆனால் மாணாக்கனைக் கொண்டு மாணாக்கனுக்குக் கற்பிக்கும் முறை முழுவதும் தம் சொந்த யோசனை என்றே அவர் கடைசிவரையில் சாதித்துவந்தார். அந்தக் காலைப்பொழுதில் குதிரைமேலிருந்தவரின் கண்ணில் மணல் பட்டது, சட்டாம்பிள்ளை படவில்லை என்பது நடக்கக்கூடியதே; ஆசிரியரின் பிடிவாதத்தால் வந்த நெருக்கடியில் அவர் சுயமாகவே பிரிஸ்கெனை நினைத்திருக்கலாம். ஆகவே அவரைத் திருடர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனினும், அவர் புதிதென்று நினைத்தது அந்தத் தெருவிலேயே, அவர் தாண்டிச் சென்ற அந்தத் திண்ணையிலேயே, அன்றாட வழக்கமாக இருந்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இதற்குக் கம்பெனி உத்தியோகஸ்தர்களின் வாக்குமூலமே போதும்.

கவர்னர் தாமஸ் மன்றோ 1822இல் சென்னை ராஜதானி முழுவதும் உள்ள பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கும்படி உத்தரவிட்டார். 1826 மார்ச்சில் அவர் எழுதிய குறிப்பின்படி, 1,28,50,941 ஜனங்கள் உள்ள ராஜதானியில் 12,498 பள்ளிக்கூடங்களும், அவற்றில் 1,88,650 பிள்ளைகளும் இருந்தனர். பல்லாரிக் கலெக்டராயிருந்த காம்பெல் என்பவர் 1823 ஆகஸ்டில் அனுப்பிய அறிக்கை, அந்தக் கணக்குகளுக்கெல்லாம் உயிர் கொடுப்பது. காலையில் எல்லாருக்கும் முதலில் வந்த பிள்ளையின் உள்ளங்கையில் மரியாதைக்கு அடையாளமாகச் சரஸ்வதியின் பெயர் எழுதப்படும், இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி, மூன்றாமவனுக்குப் பிரம்பால் ஒரு சிறு தட்டு, நாலாமவனுக்கு இரண்டு, அப்பால் வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். இதையெல்லாம் கூர்ந்து கவனித்த காம்பெல், எழுதக் கற்பிக்கும் சிக்கனமான வழியும், தேறிய பிள்ளைகளைக் கொண்டு தேறாத பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஏற்பாடும் மெச்சத்தக்கவை என்றும், இங்கிலாந்தில் இம்முறை பின்பற்றப்படுவது முற்றும் தகும் என்றும் எழுதினார். யார் யாரிடம் கற்றார் என்பதை ஒரு கலெக்டரே எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டார்.

அதே காம்பெல் குறைகளையும் சொல்லாமல் விடவில்லை. பொருள் விளங்காத செய்யுட்களைப் பிள்ளைகள் கிளிபோல ஒப்பிப்பதையும், பல சமயம் உபாத்தியாயருக்கே அவற்றின் பொருள் தெரியாதிருப்பதையும் அவர் கண்டித்தார். ஜனங்களின் வறுமை மிகுந்து, பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப வேண்டிய கட்டாயம் வளர்ந்து, பல கிராமங்களில் முன்பிருந்த பள்ளிக்கூடங்கள் மறைந்துவருவதையும் அவர் பதிவு செய்தார். நாமும் பழைமையைப் போற்றுவதற்காக உண்மையை மறைக்க வேண்டியதில்லை. குனிய வைப்பதும் தொடையைத் திருகுவதும் கோதண்டம் என்னும் கயிற்றில் தொங்கவிடுவதும் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சாதாரணமாக நடந்த கொடுமைகள். சட்டாம்பிள்ளையின் கையில் அதிகாரம் சேர்ந்தபோது அவன் கைக்கூலி கேட்டு அடித்ததும் உண்டு. மன்றோவின் கணக்கிலுள்ள 1,88,650 பேரில் பெண்பிள்ளைகள் 4,540 பேரே. தீண்டாமை என்னும் அநீதிக்கு உட்பட்டிருந்த மக்களின் குழந்தைகளுக்கு அந்தத் திண்ணையில் ஏற இடமே கிடையாது. பிரம்மஞான சபைத் தலைவர் கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் அவர்களுக்கென்று இலவசப் பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கியது போன்ற முயற்சிகள் வேண்டியிருந்ததே, பழைய திண்ணையின் மேல் நிற்கும் பெருங்குற்றத்துக்கு அத்தாட்சி.

கடல் கடந்த மணலின் கதை விசித்திரமானது. லண்டனில் ஆல்ட்கேட் பகுதியிலிருந்த ஒரு தர்மப் பள்ளிக்கூடம் 1798இல் பெல்லின் முறையைக் கைக்கொண்டது. அதே வருஷத்தில் அந்நகரத்தின் தென்பகுதியில் பரோ சாலையில் ஜோஸப் லங்காஸ்டர் என்னும் இளைஞரும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து, மாணாக்கரையே கொண்டு மாணாக்கருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அவருடைய பள்ளியில் ஆரம்ப வகுப்புப் பிள்ளைகள் மேஜைமேல் மணலைப் பரப்பி எழுதினார்கள். அடுத்த வகுப்பினருக்குக் கற்பலகை. ஒரே புஸ்தகத்தின் ஏடுகளைப் பெரிதாக அச்சிட்டுச் சுவரில் மாட்டி, பலர் சூழ்ந்து நின்று வாசித்தார்கள். சட்டாம்பிள்ளைகளைப் படிப்படியாக நியமித்தால் ஒரே ஆசிரியர் ஆயிரம் பிள்ளைகளை நடத்திவிடலாம் என்று லங்காஸ்டர் முழங்கினார். இருவருள் முதல்வர் யார் என்ற வழக்கு மத வழக்காக முற்றியது. லங்காஸ்டருக்காக 1808இல் ஒரு சங்கமும், இங்கிலாந்துத் திருச்சபையார் பெல்லுக்காக 1811இல் ஒரு சங்கமும் அமைத்தார்கள். வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், ஸதே ஆகிய கவிகள் பெல்லின் பக்கம் நின்றார்கள். நியூயார்க்கிலும் பாரிஸிலும் தென்னமெரிக்காவின் கரகாஸ் நகரத்திலும் இம்முறைப் பள்ளிகள் தோன்றின.

ஆயினும் அங்கே நேர்ந்த பிழையும் பெரிது. திண்ணையில் முப்பது நாற்பது பிள்ளைகளுக்கு நடுவே, ஒருவரையொருவர் பெயரும் வீடும் அறிந்தவர்களாக நடந்த பரஸ்பரக் கல்வி, லண்டனில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளை நெடுவரிசைகளில் நிறுத்தி, சீழ்க்கைக்கும் மணியோசைக்கும் அசையச் செய்யும் படைப்பயிற்சி ஆகிவிட்டது. மலிவு என்னும் ஒரு குணத்தையே பெரிதாக எண்ணிய தனவந்தர்களும் மந்திரிகளும், ஆசிரியருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை மிச்சப்படுத்தும் உபாயமாகவே அதைக் கொண்டாடினார்கள். எட்டு வயதுப் பிரிஸ்கென் தன் பக்கத்துப் பிள்ளையின் விரலைப் பிடித்தான். லங்காஸ்டரின் சட்டாம்பிள்ளையோ தன் வரிசையின் தலைமாட்டில் நின்று கட்டளையிட்டான். கழுத்தில் மரக்கட்டை மாட்டுவதும், கூடையில் உட்காரவைத்துக் கூரைக்கு ஏற்றுவதும் அங்கே தண்டனைகளாயின. நம் கோதண்டத்துக்கு அவை எவ்விதத்திலும் தாழ்ந்தவை அல்ல. 1846இல் இங்கிலாந்து அரசாங்கம் இம்முறையைக் கைவிட்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை ஐந்து வருஷம் ஆசிரியரிடம் பயிற்சிக்கு விடும் வேறோர் ஏற்பாட்டுக்கு மாறியது. அதற்கு முன்பே, 1832இல், பெல் காலமாகி வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்பிக்கும் காட்சி அங்கே அவருடைய நினைவுக்கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. லங்காஸ்டர் வறுமையில் அலைந்து, 1838இல் நியூயார்க் தெருவில் வண்டி மோதி இறந்தார்.

நம் நாட்டிலோ, எந்தத் திண்ணையைக் கண்டு வியந்தார்களோ அந்தத் திண்ணை மெல்ல மெல்ல க்ஷீணித்தது. 1854ஆம் வருஷத்துக் கல்விச் சாசனத்துக்குப் பிறகு வந்த இன்ஸ்பெக்டர்கள், தேர்ச்சி பெற்ற தலைகளை எண்ணி மானியம் கொடுத்தார்கள். மானியத்தை நம்பிய உபாத்தியாயர் அச்சிட்ட பாடத்துக்கும் வகுப்புப் பிரிவுக்கும் கட்டுப்பட்டார். மணலின் இடத்தில் சிலேட்டும் பலப்பமும், ஓலையின் இடத்தில் காகிதமும் வந்தன. வந்ததில் குற்றமில்லை, அச்சுப் புஸ்தகம் வந்திராவிட்டால், திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த பிள்ளைகளின் கைக்கு எழுத்து இன்னும் தாமதமாகவே போய்ச் சேர்ந்திருக்கும். ஆனால் ஒரே வயதுப் பிள்ளைகளை ஒரே அறையில், ஆசிரியரின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, அடுத்தவனோடு பேசினால் தண்டனை என்ற விதிக்கு உட்படுத்தி உட்காரவைத்தபோது, பக்கத்தில் இருப்பவனிடம் கற்றுக்கொள்ளும் பழைய உரிமை குற்றமாக மாறியது. அதுவே மெய்யான நஷ்டம். சட்டாம்பிள்ளைக்குப் பெயர் மட்டும் மிஞ்சி, பேசினவன் பெயரைக் கரும்பலகையில் எழுதி ஆசிரியரிடம் காட்டிக்கொடுப்பது அவன் தொழிலாயிற்று.

சென்னையில் அந்த உரிமை ஒரு தடவை திரும்ப வந்தது. 2003ஆம் ஆண்டில், எம். பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராயிருந்த காலத்தில், ஆந்திரத்து ரிஷிவேலியில் கிராமப் பள்ளிகளுக்கென உருவான முறையை முன்மாதிரியாகக் கொண்டு, 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் ஆரம்பமாகி, 2007-08இல் தமிழ்நாடு முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பகுத்து, ஏணிப்படி என்னும் படத்தில் தான் நிற்கும் படியைப் பிள்ளையே பார்த்துக்கொண்டு, தனக்குரிய அட்டையைத் தானே எடுத்து, பாயில் அமர்ந்த தன் குழுவுக்குச் செல்லும்படி அது அமைக்கப்பட்டது. ஆசிரியரின் முழு உதவியோடு கற்கும் குழு ஒன்று என்றால், சக மாணாக்கரின் உதவியோடு கற்பதற்கென்றே வேறு குழுக்கள் இருந்தன. சுவரின் கீழ்ப்பாகத்தில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கருஞ்சாந்து பூசி, ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் பிரித்து, கீழ்மட்டக் கரும்பலகை என்று பெயரிட்டார்கள். தரையில் உட்கார்ந்து, தன்னுடையதென்று சொல்லத்தக்க இடத்தில் எழுதி, பிழையைத் தானே துடைத்து மறுபடியும் எழுதும் பிள்ளையைக் கண்டபோது, திண்ணை மணல் சுவருக்கு ஏறியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றியது. அட்டைகளை ஒழுங்கு செய்வதிலும் பதிவேடுகளிலும் ஆசிரியர்களுக்குப் பாரம் மிகுந்ததும், பெற்றோர் பலர் அதைப் படிப்பென்றே மதியாததும் அதன் இடையூறுகள். 2022 முதல் எண்ணும் எழுத்தும் என்னும் வேறு திட்டம் கீழ்வகுப்புக்களில் நடக்கிறது.

இன்று திறன்பலகையும் கணினியும் பள்ளிக்கு வந்துள்ளன. அவற்றைக் கையாளுவதில் உபாத்தியாயர் தடுமாற, பத்து வயது மாணாக்கன் எழுந்துபோய்ச் சரி செய்து கொடுப்பது பல வகுப்புக்களில் நடக்கிறது. அதை அவமானமாக எண்ணிப் பிள்ளையை அதட்டி உட்காரவைக்கும் ஆசிரியர், முடியாதென்று கையை விரித்த எழும்பூர் ஆசிரியரின் வழிவந்தவர். பிள்ளையையே அழைத்து மற்றவர்களுக்கும் காட்டச் சொல்லுகிறவர் பெல்லின் கட்சி. அவன் பக்கத்தில் தாமும் உட்கார்ந்து கற்றுக்கொள்ளுகிறவர் சீகன்பால்குவின் கட்சி. கருவிக்காகச் செலவிடும் பெரும்பணத்தில் ஒரு பங்கையேனும், பிள்ளைகள் கூடி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் ஒதுக்காவிட்டால், திறன்பலகையும் ஆயிரம் பேருக்கு ஒரே ஆசிரியர் என்ற லங்காஸ்டரின் கணக்காகவே முடியும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. பழைய வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும், பாட்டன் பூட்டன் காலத்து எண்சுவடி ஏடுகள் இன்னும் கிடக்கின்றன. கோணல் எழுத்தாயிருப்பதாலும், எல்லாரிடமும் உள்ள வெறும் வாய்பாடுதானே என்பதாலும் அவற்றை ஒருவரும் மதிப்பதில்லை. ஆனால் ஒரு திண்ணைப் பிள்ளை, தன் தோழனின் ஏட்டைப் பார்த்துத் தன் கையாலே எழுதிய பாடப்புஸ்தகம் அது. அத்தகைய ஏடு உங்கள் வீட்டில் இருந்தால், ஆற்றில் விடாமலும் பழையன வாங்குகிறவருக்கு எடை போடாமலும், சென்னையிலுள்ள அரசாங்கக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்துக்கோ, டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல்நிலையத்துக்கோ, தஞ்சை சரஸ்வதி மகாலுக்கோ, எந்த ஊரில் எவர் வீட்டில் இருந்தது என்ற குறிப்போடு கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.